ஊவாக் காட்டில் வில்லும் மானும்

சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தில் கண்ணப்ப நாயனாரின் வரலாறு ஒரு வேட்டையிலேதான் திருப்பம் கொள்கின்றது. உடுப்பூர் வேடர் தலைவனாகிய நாகன் முதுமை எய்தியபோது, தன் மகன் திண்ணனாருக்குத் தலைமையை அளிக்கின்றான். தேவராட்டி வந்து வாழ்த்துகின்றாள். பின்னர்த் திண்ணனார் தம் குலத்தாரோடு காட்டுக்குப் புறப்படுகின்றார். ஓர் இளைஞன் முதன்முதலாக மேற்கொள்ளும் அவ்வேட்டைக்குக் கன்னிவேட்டை என்று பெயர். அவ்வேட்டையில் ஈடுபட்டவர்கள் யானைக் கன்றுகளைத் தொடரவில்லை. விலங்குகளின் குட்டிகளைக் கொல்லவில்லை. கருவுற்ற பிணைமான்களை வருத்தவில்லை என்று சேக்கிழார் பாடுகின்றார். சோழர் அவையில் அமைச்சராயிருந்த ஒருவர் வேட்டுவ அறத்தை இத்துணை நுட்பமாக அறிந்திருந்தமை வியப்புக்குரியதே.

இந்தக் கன்னிவேட்டை காவியத்தோடு நின்றுவிட்ட செய்தியன்று. வில்லொன்றையே துணையாகக் கொண்டு மானைத் தேடிச் சென்ற மக்கள் இலங்கையில், அதுவும் ஊவா மாகாணத்தில், அண்மைக் காலம் வரையில் வாழ்ந்து வந்தனர். பதுளை என்றதும் நேயர்களுக்குத் தேயிலை மலைகளும், பண்டாரவளையின் குளிர்காற்றும், கொழுந்துக் கூடை சுமந்த பெண்களின் வரிசையும் நினைவுக்கு வரலாம். ஆயின் அம்மலைகளிலிருந்து வடக்கு நோக்கி இறங்கிச் சென்றால் நிலத்தின் முகமே மாறிவிடும். மகாவலி கங்கை வளைந்தோடும் மகியங்கனையும் அதன் கீழ்ப்பாலுள்ள தம்பானையும் வெப்பமும் வறட்சியும் மிக்க காட்டு நிலங்கள். விந்தனை எனப் பழைய நூல்கள் கூறும் நாடு இதுவே. இங்கு வாழும் வேடர் தம்மை ‘வன்னியலத்தோ’, அதாவது வனத்து மக்கள், என்று அழைத்துக்கொள்கின்றனர்.

அதே மாகாணத்தின் தென்கோடியில் கதிர்காமம் இருக்கின்றது. மானின் வயிற்றிற் பிறந்து வேடர் குடியில் வளர்ந்த வள்ளியை, வேடனாக உருக்கொண்டு வந்த முருகன் கண்டு காதலித்த கதையைத் தமிழர் அனைவரும் அறிவர். ஆகவே மானும் வில்லும் வேடரும் ஊவாவில் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது புராணத்திலும் உண்மை, வாழ்க்கையிலும் உண்மை.

வேடரின் வில் பார்வைக்கு மிக எளிய பொருள். காட்டு மரத்தின் இளந்தண்டைச் சீவிச் செய்த அது ஏறக்குறைய ஓராள் உயரம் இருக்கும். நாணோ மரப்பட்டை நாரை முறுக்கித் திரித்தது. அம்பும் மரத்தினாலேயே ஆனது, மூங்கிலன்று. அதன் அடியில் மயிலிறகு கட்டப்பட்டிருக்கும். நுனியில் இரும்பாலான இலை. சிலவற்றில் இரண்டு மூன்று அங்குல நீளம், சிலவற்றில் ஓரடிக்கும் மேல். நஞ்சு தடவும் வழக்கம் வேடரிடம் இல்லை. இந்த இரும்பு இலை அவர்களுக்குக் கிடைத்தற்கரிய பொருளாகும். ஓர் அம்பு காட்டில் தொலைந்து போனால் அதனைத் தேடியெடுக்காமல் வேடன் வீடு திரும்பமாட்டான்.

இரும்பு எவ்வாறு கிடைத்தது என்பதற்கு றொபேட் நொக்ஸ் ஒரு சுவையான செய்தியைத் தருகின்றான். 1660 இற் கண்டியரசனிடம் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் தப்பியோடிய ஆங்கிலேயன் அவன். 1681 இல் வெளிவந்த தன் நூலில், விந்தனைக் காடுகளில் மான்கள் நிறைந்திருந்தன என்று எழுதியுள்ளான். வேடருக்கு அம்பு வேண்டுமாயின், தமக்குத் தேவையான வடிவில் ஓர் இலையை வெட்டி, இறைச்சியுடன் சேர்த்து, இரவிலே கொல்லனுடைய பட்டறை அருகில் தொங்கவிட்டுச் செல்வார்களாம். கொல்லன் அவ்விலையைப் பார்த்து அம்பு வடித்து அதே இடத்தில் வைத்தால், பின்னும் இறைச்சி கிடைக்கும். வைக்கத் தவறினால், ஒருநாள் இரவு இருட்டிலிருந்து ஓர் அம்பு அவனைத் தேடி வரும். ஒருவர் முகத்தை ஒருவர் காணாத இவ்வாணிகத்தில் மானிறைச்சியே நாணயமாக வழங்கியது.

இனி அந்த முதல் மானுக்கு வருவோம். வேடச் சிறுவன் கையில் சிறுவில் ஏறுவது இளம் பருவத்திலேயே. உடும்பு, சருகுமான், பறவை என்று அவனுடைய குறி சிறிதிலிருந்து பெரிதாக வளரும். ஆயினும் புள்ளிமானை அல்லது மரையை வீழ்த்துவது வேறு வகையான தேர்வு. வேடரின் திறமை தொலைதூரக் குறி தவறாமையில் இருந்ததாக எண்ணிவிடக்கூடாது. அவர்களிடையே வாழ்ந்து ஆராய்ந்தவர்கள் வியந்து கூறுவதெல்லாம், அவர்கள் விலங்கை நெருங்கிச் செல்லும் ஆற்றலைப் பற்றியே. மரவில்லின் விசை குறைவு. ஆகவே கல்லெறி தூரத்துக்கும் உள்ளே சென்றாக வேண்டும். காற்று எத்திசையில் வீசுகின்றது, சருகு எங்கே கிடக்கின்றது, மான் தலையை எப்போது தாழ்த்தும், எப்போது நிமிர்த்தும் என்பவற்றையெல்லாம் உடம்பே அறிந்திருக்க வேண்டும். வறட்சி மிகும் மாதங்களில், நீர் வற்றாத குட்டையின் கரையிற் பதுங்கியிருப்பது இன்னொரு முறை. அங்கும் அசையாதிருப்பதே கலை. கொசுவும் உண்ணியும் கடித்தாலும் கையெடுத்து ஓட்ட முடியாது.

அம்பு பாய்ந்த மாத்திரத்தில் மான் விழுந்துவிடுவதில்லை. துப்பாக்கிக் குண்டு போலன்றி, அம்பு குருதியை வடியச் செய்தே கொல்லும். அடிபட்ட மான் புதருக்குள் பாய்ந்து மறையும். இலைமேல் விழுந்த ஒரு துளி, சாய்ந்த புல், மண்ணில் ஆழப் பதிந்த குளம்பு ஆகியவற்றைப் படித்துக்கொண்டே பின்தொடர வேண்டும். அவசரப்பட்டுத் துரத்தினால் மான் நெடுந்தூரம் ஓடிவிடும். மிகத் தாமதித்தால் சிறுத்தையோ நரியோ முந்திக்கொள்ளும். முதல் மானை எய்த இளைஞனுக்கு வில்வித்தையைவிட இந்தப் பொறுமையே பெரிய சோதனையாயிருந்திருக்கும்.

பின்தொடர்ந்து செல்லும் வழியில் எல்லையொன்றும் குறுக்கிடலாம். காடு பொதுவன்று, ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய வேட்டை நிலம் வகுக்கப்பட்டிருந்தது. தன் நிலத்தில் எய்யப்பட்ட விலங்கு அயலான் நிலத்திற் போய் இறந்தால், அந்நிலத்துக்குரியவனுக்கு இறைச்சியில் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். 1907, 1908 ஆம் ஆண்டுகளில் வேடரிடையே தங்கி, 1911 இல் அவர்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட செலிக்மன் தம்பதியர் இவ்வழக்கத்தைக் குறித்துள்ளனர். எழுத்தறியாத மக்கள் எழுதப்படாத சட்டத்தை இவ்வளவு ஒழுங்காகக் காத்தமை, எழுதப்பட்ட சட்டத்தால் அவர்கள் பின்னர் பட்ட பாட்டை எண்ணும்போது மனத்தை உறுத்துகின்றது.

வேட்டைக்குத் தெய்வத்தின் துணையும் வேண்டும். கண்டே வன்னியன் என்ற பழைய வேட்டை வீரன் இறந்தபின் கண்டே யக்கன் ஆனான் என்பது வேடர் நம்பிக்கை. அவனை அழைத்து நடத்தும் ‘கிரிகொரகா’ என்னும் சடங்கில், தேங்காய்ப்பால் நிரம்பிய பாத்திரத்தைச் சுற்றிப் பூசகன் ஆடுவான். ஆவேசம் வந்ததும் அவன் மரையின் சுவடு தேடுபவன் போல நிலத்தை உற்று நோக்கி நடந்து, வில்லை வளைத்து எய்து காட்டுவான். மரை அகப்படும் திசையும் அப்போது தெரியவருமாம். நல்ல வேட்டை வாய்த்தபோது நன்றிக்கடனாகவும் இச்சடங்கு நடைபெற்றது.

இவ்வளவு அமைதியாக இயங்கிய வில், ஒருமுறை நாட்டின் வரலாற்றையே அசைத்ததுண்டு. கண்டி இராச்சியம் 1815 இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. மூன்று ஆண்டுகளுக்குள், 1817 இல், ஊவாவில் கலகம் மூளுவதாகக் கேள்வியுற்றுப் பதுளையிலிருந்து சென்ற ஆங்கிலேய அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் வேடர் அம்புக்கு இரையானார். தொடர்ந்து எழுந்த ஊவா-வெல்லசைக் கிளர்ச்சி 1818 இல் அடக்கப்பட்டது. ஊர்கள் கொளுத்தப்பட்டன; வயல்கள் பாழாயின; கால்நடைகள் அழிந்தன. செழித்திருந்த ஊவா அந்த அடியிலிருந்து நெடுங்காலம் எழவில்லை.

அதன்பின் ஊவாவிற் புகுந்தது துப்பாக்கி. பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பர். 1845 இல் அப்புத்தளையில் இடி தாக்கி அவர் மாண்டார். அது யானைகளின் சாபம் என்று மக்கள் பேசிக்கொண்டதில் வியப்பில்லை. அடுத்த சில ஆண்டுகளில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்க்கூட்டத்தை ஏவி மரைகளை மடக்கி, கத்தியாற் குத்திக் கொல்வதை விளையாட்டாகக் கொண்டார். அதனைப் பெருமையாக நூலும் எழுதினார். உணவுக்காக ஒரு மானைத் தேடி நாள் முழுதும் நடந்த வேடனையும், பொழுதுபோக்கிற்காக நாள்தோறும் கொன்ற இவர்களையும் ஒரே ‘வேட்டைக்காரர்’ என்ற சொல்லால் குறிப்பது சொல்லுக்கே இழுக்கு.

மலைக்காடுகளோ கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டன. அத்தோட்டங்களைத் தமிழகத்திலிருந்து வந்த ஏழைத் தொழிலாளரின் கைகளே உருவாக்கின. அவர்களுக்கும் அதில் வேறு தெரிவு இருக்கவில்லை. மரைகள் வாழ்ந்த சரிவுகளிற் கொழுந்து துளிர்த்தது. மான் அருகிப் போவதைக் கண்டு கவலையுற்ற துரைமாரும் வேட்டைப் பிரியர்களுமே 1894 இல் வனவிலங்குப் பாதுகாப்புக்கெனச் சங்கம் அமைத்தனர். 1937 இல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் நல்லதே, அது இல்லாவிடின் எஞ்சிய காடும் எஞ்சியிராது. எனினும் காட்டை வெறுமையாக்கிய துப்பாக்கிக்கும், காட்டோடு வாழ்ந்த வில்லுக்கும் உள்ள வேறுபாட்டை அது போதிய அளவு உணர்ந்ததாகச் சொல்ல முடியாது.

இடையில் வேடரின் கைக்கும் பழைய துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. செலிக்மன் தம்பதியர் சென்ற காலத்திலேயே, வந்து பார்க்கும் விருந்தினருக்குக் காட்டுவதற்காக வில்லேந்தி நின்ற வேடர்களும் இருந்தனர். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அவர்களுடைய பழைய வேட்டை நிலங்கள் சிலவற்றை நீரில் ஆழ்த்தியது. இறுதி அடி 1983 நவம்பர் 9 ஆம் நாள் விழுந்தது. மகாவலித் திட்டத்தின் நீரேந்து பகுதியைக் காக்கும்பொருட்டு மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனம் செய்யப்பட்டது. அதனுள் வாழ்ந்த வேடர்கள் வெளியே குடியேற்றப்பட்டனர். தந்தையும் பாட்டனும் மானைத் தொடர்ந்த அதே தடத்திற் கால் வைப்பது குற்றமாயிற்று. வேடத் தலைவர் ஊருவரிகே திசாகாமி மட்டும் தம்பானையை விட்டு நகர மறுத்துவிட்டார். அவர் 1998 இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

அவருடைய மகன் வன்னியலத்தோ, 1996 இல் ஜெனீவா சென்று, ஐக்கிய நாடுகள் சபையில் பூர்வகுடி மக்களுக்கான குழுவின் முன் தம் மக்களின் முறையீட்டை வைத்தார். தந்தைக்குப் பின் அவரே தலைவரானார். தோளிற் கோடரியோடு தோன்றும் அவர் 2020 இல் இன்னொரு வாயிலையும் தட்டினார். பொல்லெபெத்தைப் பகுதியில் வேடரின் மூதாதையர் வாழ்ந்த காட்டைச் சோளப் பயிருக்காக அழிப்பதை நிறுத்துமாறு கோரி, சுற்றுச்சூழல் அமைப்பொன்றுடன் சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். மான்களுக்காகக் காட்டைக் காக்கவேண்டும் என்ற பெயரில் எந்த மக்கள் வெளியேற்றப்பட்டனரோ, அம்மக்களின் தலைவரே அக்காட்டுக்காக வழக்காட வந்து நின்றார்.