வலைப்பதிவுக் காலத்து இண்டி ராக் தொகுப்புகள்

பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல், சிறு நிறுவனங்கள் வழியாகவோ சொந்தச் செலவிலோ குழுக்கள் வெளியிடும் ராக் இசை ‘இண்டி ராக்’ எனப்படும். ‘சார்பற்ற’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே இண்டி. ஏறத்தாழ 2003 முதல் 2010 வரை வட அமெரிக்காவில் இவ்விசையை மக்களிடம் கொண்டு சேர்த்ததில், தனிமனிதர்கள் நடத்திய வலைப்பதிவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அக்காலத்து மூன்று தொகுப்புகளின் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

பின்னணி

அதற்கு முன் ஒரு புதிய குழுவின் பாட்டு வானொலி, தொலைக்காட்சி, அச்சு இதழ் ஆகியவற்றின் வழியாகவே பெரும்பாலும் கேட்போரை அடைந்தது. அங்கு இடம்பெறப் பணமும் செல்வாக்கும் தேவைப்பட்டன. எம்பி3 கோப்பும் அகலப்பட்டை இணையமும் இந்நிலையை மாற்றின. 2002-இல் ஸ்டீரியோகம், ஃப்ளக்ஸ்பிளாக் ஆகியவையும், 2003-இல் கனடாவின் மொன்றியால் நகரில் ‘செட் த கிராமஃபோன்’ என்பதும் தொடங்கின. தமக்குப் பிடித்த ஒரு பாட்டை ஏற்றி, அது ஏன் பிடித்தது என்று சில வரிகள் எழுதுவதே இவற்றின் முறை. 2005-இல் வந்த ஹைப் மெஷின் தளம் இத்தகைய பல பதிவுகளின் பாடல்களை ஓரிடத்தில் திரட்டிக் காட்டியது.

ஃபியூனரல் (2004)

மொன்றியாலைச் சேர்ந்த ஆர்கேட் ஃபயர் குழுவின் முதல் முழுத் தொகுப்பு இது. ‘இறுதிச்சடங்கு’ என்பது பெயரின் பொருள். பதிவு நடந்த காலத்தில் உறுப்பினர்களின் உறவினர் சிலர் இறந்ததால் இப்பெயர் வந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் இயங்கும் மெர்ஜ் என்ற சிறு நிறுவனம் 2004 செப்டம்பரில் இதை வெளியிட்டது. பிட்ச்ஃபோர்க் என்ற இணைய விமர்சன இதழ் பத்துக்கு 9.7 மதிப்பெண் அளித்தது. வலைப்பதிவர்களும் இதைக் கொண்டாடினர். பில்போர்டு 200 பட்டியலில் இடம்பெற்ற முதல் மெர்ஜ் வெளியீடு இதுவே. இக்குழுவின் மூன்றாம் தொகுப்பான ‘த சபர்ப்ஸ்’ 2011-இல் ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது.

கிளாப் யுவர் ஹேண்ட்ஸ் சே யா (2005)

குழுவின் பெயரும் தொகுப்பின் பெயரும் ஒன்றே. நிறுவனம் எதுவும் இல்லாமல் குழுவினரே இதை வெளியிட்டனர். வலைப்பதிவுகள் வழியே தேவை பெருக, குறுந்தகடுகளைத் தாங்களே பொட்டலம் கட்டி அஞ்சலில் அனுப்பினர். நிறுவனம் இன்றியும் ஒரு குழு முன்னேறலாம் என்பதற்கு இது சான்றானது. ஆனால் 2007-இல் வந்த இரண்டாம் தொகுப்புக்கு அத்தகைய வரவேற்பு கிடைக்கவில்லை. புதியதைத் தேடி ஓடிய அதே கூட்டம் அதற்குள் வேறு குழுக்களிடம் சென்றிருந்தது.

ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ (2007)

தம் குழு கலைந்து, உடல்நலமும் குன்றியிருந்த ஜஸ்டின் வெர்னன், 2006–07 குளிர்காலத்தில் விஸ்கான்சின் மாநிலத்தில் தம் தந்தைக்குச் சொந்தமான காட்டுக் குடிலில் தனியே தங்கிப் பெரும்பாலும் உருவாக்கிய தொகுப்பு இது. போன் ஈவர் என்ற பெயரில் முதலில் 500 குறுந்தகடுகளே அச்சிடப்பட்டன. பதிவர்களின் பாராட்டுக்குப் பின் ஜாக்ஜகுவார் நிறுவனம் 2008-இல் இதை மறுவெளியீடு செய்தது. 2012-இல் போன் ஈவருக்குச் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி விருது கிடைத்தது. அதற்குள் முதல் தொகுப்பு வெளிவந்து நான்கு ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன!

முடிவும் மதிப்பீடும்

2010 பிப்ரவரியில், பதிப்புரிமைப் புகார்களின் பேரில் கூகுளின் பிளாகர் தளம் சில இசை வலைப்பதிவுகளை நீக்கியது. பல ஆண்டுகளின் எழுத்து அதனுடன் மறைந்தது. 2011 ஜூலையில் ஸ்பாட்டிஃபை அமெரிக்காவுக்கு வந்தபின், பாட்டைத் தேடிப் பதிவிறக்கும் தேவையும் குறைந்தது.

முன்பு நிறுவனங்கள் செய்த தேர்வைச் சில ஆண்டுகள் சாதாரண ரசிகர்கள் செய்தனர். இன்று அதில் பெரும்பகுதியைக் கணினி நிரல்கள் செய்கின்றன. ரசிகர்களின் தேர்விலும் அவசரம் என்ற குறை இருந்தது. எனினும் ஒரு பாட்டைப் பரிந்துரைத்தவர் அதற்கான காரணத்தையும் எழுதினார். தொகுப்புகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. அவற்றை முதலில் கேட்டவர்கள் எழுதிய அக்காரணங்களில் பல இன்று கிடைப்பதில்லை. வரலாற்று மாணவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய இழப்பு இது.