ஆர்மோனியப் பழுதும் டிஜிட்டல் பியானோப் பழுதும்

ராஜபாளையத்தில் நூற்பாலைகள், பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிகள். இந்த வட்டாரத்தில் பஞ்சுத் தூசிக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி பிறந்தால் மழை ஈரமும் சேர்ந்துகொள்ளும். கட்டை வைத்த எந்த வாத்தியத்துக்கும் இந்த இரண்டும் ஆகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், திருமலை நாயக்கரின் வயிற்றுவலியைத் தீர்த்தவர் என்று தலவரலாறு போற்றும் வைத்தியநாத சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில், தாத்தாவின் பஜனை ஆர்மோனியமும் பேத்தியின் டிஜிட்டல் பியானோவும் ஒரே கூடத்தில் இருக்குமானால், பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் இரண்டும் மக்கர் செய்யும். ஆனால் ஆர்மோனியத்தைத் தாத்தாவே திறந்து பார்த்துவிடுவார். பியானோவை யாரும் தொடுவதில்லை. ‘எலெக்ட்ரானிக் சாமான், போனால் போனதுதான்’ என்று துணி போட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். இந்த அவநம்பிக்கை பெரும்பாலும் தேவையற்றது.

ஆர்மோனியத்தில் ஒலி பிறக்கும் இடமும் பழுதாகும் இடமும் ஒன்றே. கட்டையை அழுத்தினால் அதன் அடியிலுள்ள அடைப்பு திறக்கிறது. துருத்திக் காற்று பித்தளை ரீடின் நாக்கை அதிரவைத்து வெளியேறுகிறது. ஒரு கட்டை பேசவில்லையென்றால் அந்த நாக்கின் விளிம்பில் தூசி சிக்கியிருக்கும். மெல்லிய தாளை நுழைத்து எடுத்தால் போதும். அழுத்தாமலே ஒரு சுரம் கத்தினால் அடைப்பு சரியாக மூடவில்லை: கம்பிச்சுருள் தளர்ந்திருக்கும், அல்லது மழையில் மரம் ஊதியிருக்கும். மூச்சு நிற்கவில்லையென்றால் துருத்தியில் ஓட்டை. காதும் கண்ணும் நேராக நோயிடம் கொண்டுபோய்விடும்.

டிஜிட்டல் பியானோவில் ஒலி கட்டையில் பிறப்பதில்லை. கட்டைக்கு அடியில் ரப்பர் பட்டை; அதில் ஒவ்வொரு கட்டைக்கும் கரி பூசிய சிறு பொட்டுகள், பல மாடல்களில் இரண்டிரண்டு. கட்டை இறங்கும்போது முதல் பொட்டு ஒரு கணம் முன்னும் இரண்டாவது ஒரு கணம் பின்னும் அடியிலுள்ள மின்சுற்றுப் பலகையைத் தொடும். அந்த இடைவெளியை அளந்துதான் விரல் எவ்வளவு வேகமாக விழுந்தது என்று கருவி கணக்கிடுகிறது. இடைவெளி குறைந்தால் ஒலி பலம், கூடினால் மென்மை. மின்னணு வாத்தியங்களுக்காக 1983-இல் அறிமுகமான மிடி முறையில் இந்த வேகத்துக்கான அளவுகோல் 127 வரை போகும். பொட்டுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பஞ்சு இழை புகுந்துவிட்டால் முதல் தொடுகை தாமதமாகிறது. எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் அந்த ஒரு சுரம் மட்டும் அலறும், அல்லது பேசவே பேசாது. கேட்பவர்கள் ‘போர்டு போச்சு’ என்கிறார்கள். போனது போர்டு அல்ல. கருவியைத் திறந்து, ரப்பர் பட்டையைப் பதமாக உரித்து, நூல் விடாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுப் பலகையின் தொடுமுகத்தைத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் பட்டையை அதே வரிசையில் பதித்தால் பல நேரம் சரியாகிவிடும். கரிப்பொட்டை மட்டும் விரலால் தேய்க்கக் கூடாது. ரீடுக்குத் தாள் விடும் கைக்கு இந்த வேலை புதிதல்ல. அதே தூசி, அதே நிதானம். உத்தரவாதக் காலம் முடியாத கருவியை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம்.

எல்லாக் கட்டைகளும் ஒன்றாக ஊமையானால் துருத்தியைப் பார்ப்பதுபோல மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். அடாப்டரில் இங்கே நடக்கும் தவறு அதிகம். யமஹாவின் பல கருவிகள் 12 வோல்ட் கேட்கும். காசியோவில் 9, 9.5 வோல்ட் கேட்பவை உண்டு. முள் பொருந்துகிறது என்பதற்காக வேறொன்றைச் செருகினால், உள்முனை நேர்மின்னா எதிர்மின்னா என்ற வித்தியாசத்தில் கருவியே கெடலாம். அரை மணி நேரம் தொடாவிட்டால் தானாக அணையும் வசதியும் பல மாடல்களில் இருக்கிறது. அதையும் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

விளக்கு எரிகிறது, ஒலி இல்லை என்றால், ஹெட்போன் துளையில் பழைய இணைப்பு முள் ஏதும் தங்கிவிட்டதா என்று பாருங்கள். அது இருக்கும்வரை ஸ்பீக்கர் வாய் திறக்காது. பெடல் தலைகீழாக வேலை செய்கிறதா? பல கருவிகள் சுவிட்சு போடும் கணத்தில்தான் பெடலை அடையாளம் காண்கின்றன. அணைத்துவிட்டு, பெடலைச் செருகி, காலை எடுத்தபின் மறுபடி போட்டாலே பெரும்பாலும் தீரும்.

சுருதிப் பிரச்சினையில்தான் இரண்டும் நன்றாக விலகுகின்றன. ஆர்மோனிய ரீடு காலப்போக்கில் இறங்கும். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். அதற்குக் காது தேர்ந்த கை வேண்டும். டிஜிட்டல் பியானோவின் சுருதி தானாக நகர்வதில்லை. பாடுபவரோடு சேரவில்லையென்றால் யாரோ டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தட்டியிருப்பார்கள். ஒரு கட்டைச் சுருதிக்குப் பாடும் பிள்ளை திடீரென்று ஒன்றரைக் கட்டைக்குத் திணறும். கருவியைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பினால் தீர்ந்தது. யமஹா பி-45 மாடலில் வலக்கோடிக் கட்டையை அழுத்தியபடி சுவிட்சைப் போட வேண்டும்.

பழுதல்லாத ஒரு குறையும் உண்டு. 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தபோது சொன்ன முக்கியமான காரணம், நிலைத்த சுரங்களால் நம் கமகத்தைப் பிடிக்க முடியாது என்பது. தடை தளரத் தொடங்கியது 1971-இல்தான். ஆனால் நாடக நடிகர் செங்கோட்டைக் கிட்டப்பாவின் காலம் தொட்டு நாடகமேடை ஆர்மோனியத்தை விடவே இல்லை. டிஜிட்டல் பியானோவும் ஆர்மோனியத்தைப் போலவே பன்னிரண்டு சுர இடங்களில் கட்டுண்டது. கீபோர்டில் சுருதி வளைக்கும் சக்கரம் உண்டு, கே. சத்தியநாராயணன் அதில் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறார். பியானோ வகைகளில் பெரும்பாலும் அந்தச் சக்கரம் கிடையாது. தோடி ராகம் ஒட்டவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை பிடிப்பதில் பயனில்லை.

ஆர்மோனியத்துக்குச் சாதகமான விஷயம் ஒன்று மீதமிருக்கிறது. ரீடு முறிந்தால் இன்னொரு பெட்டியின் ரீடை அளவு பார்த்துப் பொருத்தலாம். ரப்பர் பட்டை கிழிந்தால் அந்த மாடலுக்கானதுதான் வேண்டும். தாய்ப்பலகை எரிந்தால், அந்த மாடல் நின்றுபோயிருந்தால், வழி அடைபடும். அதனால் டிஜிட்டல் பியானோ வாங்கும்போதே மாடல் எண்ணைக் குறித்துவைத்து, உதிரிபாகம் கிடைக்குமா, மதுரைக்கு அனுப்ப வேண்டுமா, இங்கேயே ஆள் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மேற்கே இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள்; வாசித்து முடித்ததும் பருத்தித் துணிக்குப் பதில் நூல் உதிராத உறையால் மூடுங்கள்.