பெயர் எழுதிய கேக்

பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் நம்மவர்க்குப் புதியதன்று. மாதமும் நட்சத்திரமும் பார்த்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து நீராட்டி, கோயிலில் அதன் பெயருக்கு அர்ச்சனை செய்வித்து, பாயசம் வைத்து மகிழ்வது தமிழ் இல்லங்களின் பழைய முறையாகும். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம் குடும்பங்களில், அம்முறையோடு கேக் வெட்டுதலும் சேர்ந்துகொண்டது. பள்ளித் தோழர்களை அழைக்கும் குழந்தை, கேக் இல்லாத பிறந்தநாளைப் பிறந்தநாளாகவே கருதுவதில்லை. அண்மைக் காலத்தில் இதனோடு மற்றொரு விருப்பமும் தோன்றியிருக்கிறது. கடையில் வாங்கும் கேக் வேண்டா, தான் படித்த கதையில் வரும் கேக்கையே வீட்டில் செய்து தரவேண்டும் என்பதே அது. இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று இவ்விருப்பத்தின் பின்னே நிற்கிறது.

குழந்தைகள் பெரிதும் விரும்பிக் கேட்கும் கதைக் கேக் எது என்பதை முதலில் காண்போம். 1997-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது ஜே. கே. ரௌலிங் எழுதிய முதல் ஹாரி பாட்டர் நாவல். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டிருக்கிறது. அதன் நாயகனாகிய சிறுவன் பெற்றோரை இழந்தவன். பெரியம்மா வீட்டில் மாடிப்படிக்குக் கீழுள்ள அலமாரியறையில் படுத்து வளர்பவன். அவ்வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசுகள் முப்பதுக்கும் மேல் வந்து குவியும். இவனுடைய பிறந்தநாளை நினைப்பார் எவருமில்லை. பதினொரு வயது நிறைவுறும் நள்ளிரவில், கடல் நடுவே பாறை மீதுள்ள குடிசைக்கு ஹேக்ரிட் என்னும் பேருருவ மனிதன் புயலினூடே வந்து சேர்கிறான். சட்டைப் பையிலிருந்து சற்றே நசுங்கிய பெட்டியொன்றை எடுத்துக் கொடுக்கிறான். அதனுள்ளே சாக்லேட் கேக் ஒன்று. அதன்மேல் பச்சை நிறத்தில் வாழ்த்தும் சிறுவனின் பெயரும். 2001-இல் வெளிவந்த திரைப்படத்தில் அக்கேக்கிற்கு இளஞ்சிவப்புப் பூச்சு தந்தனர். வாழ்த்தின் எழுத்துக்களையும் பிழைபடவே எழுதினர். இரு சொற்களின் இறுதியிலும் 'ஒய்' நிற்கவேண்டிய இடங்களில் 'ஈ' என்னும் ஆங்கில எழுத்து அமர்ந்திருக்கிறது. ஹேக்ரிட் வருமுன், அச்சிறுவன் தரைப் புழுதியில் விரலால் கேக்கொன்றை வரைந்து, அதன் மெழுகுவத்திகளை ஊதியணைக்கும் காட்சியும் அப்படத்தில் உண்டு.

இந்த ஒரு கேக்கினுள் வெவ்வேறு நாடுகளின் வரலாறுகள் கலந்துள்ளன. மெழுகுவத்தியின் கதை ஜெர்மனியைச் சேர்ந்தது. 1746-ஆம் ஆண்டில் மொரேவியச் சபைத் தலைவராகிய சின்செண்டோர்ஃப் பிரபுவின் பிறந்தநாளன்று, அடுப்பு கொள்ளும் அளவிற்குப் பெரிய கேக் செய்து, வயதிற்கு ஒன்றாகத் துளையிட்டு மெழுகுவத்திகளை நட்டனர் என்று ஆண்ட்ரூ ஃப்ரே என்பார் எழுதி வைத்திருக்கிறார். சின்செண்டோர்ஃப் இளமையில் ஹாலே நகரப் பள்ளியில் பயின்றவர். தரங்கம்பாடியில் தமிழ் அச்சுக்கூடம் கண்ட சீகன்பால்கும் ஹாலேயில் கற்றவரே என்பது நாம் நினைவுகூரத்தக்கது. மகாகவி கதே 1801-இல் கோத்தா நகரில் தம் பிறந்தநாளைக் கழித்தபோது, ஏறத்தாழ ஐம்பது மெழுகுவத்திகள் ஏற்றிய கேக்கைப் பணியாட்கள் சுமந்து வந்தனர். சுடரின் வெப்பத்தில் அவை உருகத் தொடங்கின என்றும், குழந்தைகளின் விழாக்களில் இனி வரும் ஆண்டுகளுக்கும் வத்தி வைக்க இடமிருக்கும் என்றும் கதே குறிப்பிட்டிருக்கிறார். எனவே, அந்நாளிலேயே இது ஜெர்மானியக் குழந்தைகளுக்குரிய வழக்கமாயிருந்தது என்பது தெளிவு.

சாக்லேட்டின் கதை மேலும் பழமையானது. மத்திய அமெரிக்க மக்கள் கொக்கோ விதையை அரைத்துப் பானமாக அருந்தினர். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியே அது ஐரோப்பாவை அடைந்தது. நெடுங்காலம் அது பானமாகவே இருந்தது. அதுவும் செல்வர்களின் பானம். கொக்கோ விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பாதலால், மாவோடு எளிதில் கலக்கத்தக்க பொடியாக அதனை ஆக்க இயலவில்லை. 1828-இல் ஹாலந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பத்தார் அக்கொழுப்பின் பெரும்பகுதியைப் பிழிந்தெடுக்கும் எந்திரத்திற்கு உரிமை பெற்றனர். எஞ்சிய பிண்ணாக்கை இடித்தால் கொக்கோப் பொடி கிடைத்தது. அதனைக் காரப்பொருளோடு சேர்த்துப் பதப்படுத்தியபோது கசப்புக் குறைந்தது; நிறம் கறுத்தது; நீரிலும் எளிதாகக் கலந்தது. அரண்மனைச் சரக்காயிருந்த கொக்கோ டப்பாவில் அடைபட்டுச் சாதாரண வீட்டின் அடுக்களைக்கு வந்த வழி இதுவே. இன்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலும் கொக்கோ ஊடுபயிராக விளைகிறது.

மூன்றாவது கதை மாவு உப்புவதைப் பற்றியது. முற்காலத்தில் கேக் உப்புவதற்கு ஈஸ்ட் சேர்த்துக் காத்திருக்க வேண்டும். அல்லது முட்டையை நெடுநேரம் கை ஓயும்வரை அடிக்க வேண்டும். பணியாட்கள் நிறைந்த வீடுகளுக்கே அது இயலும். 1843-இல் பர்மிங்ஹாம் நகரத்து ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவியின் பொருட்டு, சோடாவையும் புளிப்புப் பொருளையும் கலந்து பேக்கிங் பவுடர் ஒன்றைச் செய்தார். ஈரம் பட்டவுடன் அவ்விரண்டும் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடும். வாயுக் குமிழிகள் மாவை உயர்த்தும். தனியொரு தாய் அரை நாளில் கேக் செய்து முடிக்கலாம் என்னும் நிலை இதனால் ஏற்பட்டது.

இனி, கேக்கின் மேலுள்ள எழுத்திற்கு வருவோம். வியன்னா நகரின் புகழ்பெற்ற சாக்லேட் கேக் சாகர் டார்ட். 1832-இல் பிரான்ஸ் சாகர் என்னும் இளம் சமையற்காரர் மெட்டர்னிக் பிரபுவின் விருந்திற்காக அதனை ஆக்கினார் என்பது மரபு. அக்கேக்கிற்கு 'அசல்' என்னும் அடைமொழியை வழங்கும் உரிமை யாருக்கு என்று சாகர் விடுதியாரும் டெமல் கடையாரும் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். 1963-இல் வழக்கு முடிவுற்று, அவ்வுரிமை விடுதிக்கு உரியதாயிற்று. விடுதியின் கேக்கில் வட்ட முத்திரை. கடையின் கேக்கில் முக்கோண முத்திரை. இங்கே ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். சாகர் டார்ட்டின் மேலுள்ள முத்திரை செய்தவரைக் குறிப்பது. பிறந்தநாள் கேக்கின் மேலுள்ள பெயரோ உண்பவரைக் குறிப்பது. முன்னது, இது எம்முடையது என்கிறது. பின்னது, இது உன்னுடையது என்கிறது.

ஆங்கிலக் கதாசிரியர்கள் கேக்கின் இவ்வியல்பை நன்கு உணர்ந்திருந்தனர். டிக்கன்ஸ் 1861-இல் முடித்த நாவலில், மணமகனால் கைவிடப்பட்ட ஹாவிஷாம் அம்மையார் தம் திருமணக் கேக்கை மேசையிலேயே பல்லாண்டு விட்டுவைக்கிறார். அதில் சிலந்திகள் குடியேறுகின்றன. அம்மணநாளே அவருடைய பிறந்தநாளும் ஆகும். 1865-இல் லூயிஸ் கரோல் படைத்த ஆலிஸ் காணும் சிறு கேக்கிலும் எழுத்துண்டு; உலர்ந்த திராட்சையால் அமைந்த அவ்வெழுத்து, உண்ணும்படி கட்டளையிடுகிறதேயன்றி எவர் பெயரையும் சொல்வதில்லை. 1988-இல் ரோல்ட் டால் எழுதிய மெடில்டா கதையில், தலைமையாசிரியை ஒரு மாணவனைத் தண்டிக்க எண்ணி, 18 அங்குல அகலமுள்ள சாக்லேட் கேக் முழுவதையும் பள்ளியினர் முன்னிலையில் உண்ணச் செய்கிறார். சிறுவர்கள் ஆரவாரிக்க, அவன் உண்டு முடித்துத் தண்டனையை வெற்றியாக்கிவிடுகிறான். கைவிடப்படுதல், கட்டளை, தண்டனை என்று கேக் இவ்வாறு பல பொருள் தரக்கூடும். அன்பைக் குறிக்க வேண்டுமாயின் அதில் ஒரு பெயர் வேண்டும் என்பதை ஹேக்ரிட்டின் கேக் காட்டுகிறது.

அப்பூச்சும் எழுத்தும் வெறும் ஆடம்பரம் என்று ஓர் அரசு கருதிய காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-இல் பிரிட்டனில் சர்க்கரை பங்கீட்டுக்கு உட்பட்டது. கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சு இடுதலும் அதே ஆண்டில் தடைசெய்யப்பட்டது. மணவீடுகளில் அட்டையாலான பொய்க்கூட்டைக் கேக்கின் மேல் கவிழ்த்து வைத்தனர். சர்க்கரைப் பங்கீடு 1953-இல்தான் நீங்கியது. நாவில் படாத அட்டையையேனும் வைத்துக்கொண்ட அம்மக்கள், அலங்காரத்தை உணவாக மட்டும் கருதவில்லை என்பது இதனால் விளங்கும்.

இக்கேக்கை நம் அடுக்களையில் செய்வது அரிதன்று. மைதா 200 கிராமுக்குக் கொக்கோ 50 கிராம் என்பது நல்ல அளவு. கொக்கோவை முதலில் வெந்நீரில் குழைத்துக்கொண்டால் மணம் மிகும். முட்டை கொள்ளாத வீடுகளில் ஒரு குவளைத் தயிரும் அரைத் தேக்கரண்டிச் சமையல் சோடாவும் அப்பணியைச் செய்யும். தயிரின் புளிப்பும் சோடாவும் கூடுவது, பேர்ட் கண்ட வினையே. ஓவன் இருந்தால் 180 டிகிரி சூட்டில் அரைமணிக்குச் சற்று மேலாகும். இல்லையேல் பிரஷர் குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, கேஸ்கெட் வளையத்தையும் வெயிட்டையும் நீக்கி, நீர் விடாமல், சிறு தீயில் முக்கால் மணி வைக்கலாம். ஈர்க்குச்சியைக் குத்தியெடுத்தால் மாவு ஒட்டக்கூடாது. கேக் முற்றிலும் ஆறிய பின்னரே பூச்சு இடவேண்டும். சூடு இருப்பின் வெண்ணெய் உருகி வழிந்துவிடும். வெண்ணெய் ஒரு பங்கு, நன்றாகப் பொடித்த சர்க்கரை இரு பங்கு சேர்த்து நுரைக்கக் குழைத்து, பீட்ரூட் சாறு சில துளி விட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும். பச்சை நிறம் சேர்த்த சிறு பகுதியைக் காகிதக் கூம்பில் இட்டு, நுனியைக் கத்தரித்து, பிழிந்து எழுதவேண்டும். கோலமிட்டுப் பழகிய கைக்கு இது விரைவில் வசப்படும்.

கேக் நடுவில் வெடித்ததே, எழுத்துக் கோணிற்றே என்று கவலுவார் உண்டு. கதையின் கேக்கே நசுங்கியது. படத்தின் எழுத்தோ பிழையுடையது. திரைப்படம் கண்ட குழந்தைகள், வாழ்த்தைச் செம்மையாக எழுதினால் அது அந்தக் கேக் அன்று என்று மறுக்கிறார்கள். நாள்தோறும் அரசு ஆவணங்களில் எழுத்துப் பிழை களைவதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது வியப்பே தருகிறது. ஆயினும் அப்பிள்ளைகள் சொல்வதில் நியாயமுண்டு. எழுத்தறிவு குறைந்த ஒருவன், தனக்குத் தெரிந்த அளவில், தானே எழுதினான் என்பதற்கு அப்பிழையே சான்று. பிழையற்ற எழுத்தைக் கடைக்காரர் எவருக்கும் எழுதித் தருவார்.

மேலும், அப்படத்தில் வாழ்த்தின் இரு சொற்களும் பிழைபட்டிருக்க, சிறுவனின் பெயர் மட்டும் சரியாகவே இருக்கிறது. சொந்த ஊரை விட்டு வந்து, வகுப்பிலும் அலுவலகத்திலும் தம் பெயரைப் பிறர் திரித்து உச்சரிக்கக் கேட்டு வாழும் நம்மவர்க்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. ஆகவே, கேக்கின் மேல் நம் குழந்தையின் பெயரை எழுதும்போது தமிழிலேயே எழுதுவோமாக. ழகரத்தின் சுழி சர்க்கரையில் சற்றே கோணினும் குற்றமில்லை.