நிதானமாக ஆடினால் ஜெயிக்கலாமா?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் ஃபோன் செய்தார். கைபேசியில் ரம்மி ஆடிக் கடனாளி ஆனவர். "சார், ஆட்டம் எனக்கு அத்துப்படி. அன்னைக்குக் கோபத்துல ஆடினதாலதான் போச்சு. இனிமே நிதானமா ஆடுவேன். பத்தாயிரம் மட்டும் குடுங்க சார்" என்றார். பணம் கொடுக்கவில்லை. வரலாற்று வாத்தியார் அல்லவா, ஒரு கதை சொன்னேன். பெயர் போடாமல் எழுதலாம் என்று அவரே சம்மதித்ததால் இங்கே எழுதுகிறேன்.

1863-ல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கி ரூலெட் சூதாட்டத்தில் பெரும் பணம் வென்றார். ஜெயிக்கும் ரகசியம் தெரிந்துவிட்டது, எந்த நிலையிலும் பதறாமல் மனதைக் கட்டுக்குள் வைத்தால் போதும் என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களிலேயே பாடன்-பாடன் நகரில் தோற்றார்.

1866-ல் கடன் நெருக்கடியில் 'சூதாடி' நாவலை 26 நாட்களில் சொல்லி முடித்தார். அதைச் சுருக்கெழுத்தில் எடுத்த அன்னாவை மறு ஆண்டு மணந்தார். அந்த ஆண்டே அன்னாவின் நகைகளும் உடைகளும் அடகுக்குப் போயின. சூதாடியின் மனதை அக்குவேறு ஆணிவேறாக எழுதியவருக்கே இந்தக் கதி!

ரூலெட் சக்கரத்துக்கு ஆடுபவரின் நிதானம் தெரியாது. ரம்மியில் திறமை உண்டே என்பீர்கள். இருக்கட்டும். எப்போது எழுந்திருப்பது என்பது சீட்டுத் திறமை இல்லையே.

நம் சிந்தனையை நாமே கவனிப்பதை 'மெட்டாகாக்னிஷன்' என்பார்கள். 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவல் வழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். சூதாட்டத்தில் சிக்கியவர்களிடம் தம் மனதைப் பற்றியே சில நம்பிக்கைகள் இருக்கின்றன. 'ஆடினால்தான் கவலை மறக்கும்' என்பது ஒன்று. 'ஆசை வந்துவிட்டால் என்னால் அடக்க முடியாது' என்பது இன்னொன்று. முதலாவது ஆட உட்கார வைக்கிறது. இரண்டாவது எழுந்திருக்க விடாமல் செய்கிறது. 'இந்த முறை நிதானமாக ஆடுவேன்' என்பதும் அப்படி ஒரு நம்பிக்கைதான். ஆசை எழும்போது, 'இது என் மனதில் வந்த ஓர் எண்ணம், உத்தரவு அல்ல' என்று சற்று விலகி நின்று பார்ப்பதே முதல் படி.

தஸ்தயெவ்ஸ்கி 1871-ல் அதே வீஸ்பாடனில், அன்னா அனுப்பிய பணத்தையும் தோற்றார். அன்றே அவருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார். பிறகு 1881-ல் இறக்கும் வரை ஆடவில்லை.

மாணவர் வெகுநேரம் பேசவில்லை. மறுநாள், மொத்தக் கடனையும் மனைவியிடம் சொல்லிவிட்டதாகச் செய்தி அனுப்பினார். மனநல மருத்துவரிடம் அடுத்த வாரம் நானும் உடன் போகிறேன்.

உங்களில் வேறு யாருக்காவது இந்தச் சிக்கல் இருந்தால் கூப்பிடுங்கள். திட்ட மாட்டேன்.