குளோப் அரங்கு: அழிந்தும் எழுந்த நாடகசாலை

சுவாமி விபுலாநந்தர் தமது 'மதங்க சூளாமணி'யிலே ஆங்கில நாடகப் பேராசிரியரைச் 'செகசிற்பியார்' என அழைத்து, அவர்தம் நாடகங்களைத் தமிழர்க்கு அறிமுகஞ் செய்துவைத்தார். நம்மவர் பலர் அந்நாடகங்களை ஏட்டிலே படித்தறிந்தவர். ஆயின், அவை படிப்பதற்கென எழுந்தவையல்ல. அவற்றுட் பல, திறந்த வானத்தின் கீழ், பட்டப்பகலிலே, மக்கள் நடுவே நடித்தற்கென எழுந்தவை. ஆதலின் அவ்வரங்கின் வரலாற்றை அறிதல், அந்நாடகங்களின் இயல்பை அறிதலுமாகும்.

1576 இல் ஜேம்ஸ் பேர்பேஜ் என்பார் இலண்டன் நகரெல்லைக்குப் புறத்தே 'தியேட்டர்' என்னும் நாடகசாலையை அமைத்தார். அவர் மறைந்தபின், நிலக்குத்தகையும் முடிந்து, நிலச் சொந்தக்காரரும் இணங்காதொழிய, அவர் மைந்தர் 1598 மார்கழி இறுதியில் அக்கட்டடத்தைக் கழற்றினர். அம்மரங்களைக் கொண்டு 1599 இல் தேம்ஸ் நதியின் தென்கரையில் எழுந்ததே குளோப் அரங்கு.

ஒரு பென்னி கொடுத்தோர் முற்றத்தில் நின்று பார்த்தனர். மேலுங் கொடுத்தோர் சுற்றியிருந்த மாடங்களில் அமர்ந்தனர். மேடையை மறைக்கும் முன்திரை இல்லை, ஒளியமைப்பு இல்லை. 'ஹம்லெற்' நாடகம் நள்ளிரவுக் காவலோடு தொடங்குகின்றது. அதைக் கண்டோர் தலைமேலோ பிற்பகல் வெளிச்சம்! இருளையும் குளிரையும் காவலர்தம் சொற்களே உண்டாக்கின. அரங்கின் வெறுமையைச் சொல்லின் வளம் நிரப்பியது.

1613 ஆனி 29 ஆந் திகதி, எட்டாம் ஹென்றியின் கதை நடிக்கப்பட்டபொழுது, வெடித்த பீரங்கியின் பொறி கூரையிற் பற்றி அரங்கு எரிந்தது. மறு ஆண்டே ஓட்டுக் கூரையுடன் மீண்டும் எழுந்தது. 1642 இல் பாராளுமன்றம் நாடகசாலைகளை மூடுவித்தது. பின்னர் அரங்கும் இடிக்கப்பட்டது. நாடகங்கள் அச்சில் நின்றன. அவற்றைப் பெற்ற களம் மறைந்தது.

1949 இல் அங்கு வந்த அமெரிக்க நடிகர் சாம் வனமேக்கர் கண்டது ஒரு நினைவுப் பலகையை மாத்திரமே. அரங்கை மீண்டும் எழுப்ப 1970 இல் அவர் ஓர் அறநிலையம் நிறுவி, இறுதிவரை உழைத்தார். 1993 இல் அவர் காலமானார். 1997 இல் அரங்கு திறந்தது. பழைய இடத்துக்கு அணித்தே, கருவாலி மரச்சட்டங்களை மரவாணிகளாற் பிணைத்து, நாணலால் வேய்ந்து கட்டினர். 1666 இன் பெருந்தீக்குப் பின் இலண்டனில் எழுந்த முதலாவது வேய்ந்த கூரை இதுவே.

இன்றும் அம்முற்றத்தில் எழுநூறு பேர்வரை நிற்கலாம். மழை பெய்தால் நனைவர். குடை விரிக்க அநுமதியில்லை. தனிமொழி பேசும் நடிகர் அவர்தம் முகங்களை நோக்கியே பேசுகிறார். ஏட்டிலே ஒருவர் தமக்குத்தாமே கூறுவதாகத் தோன்றிய சொற்கள், அங்கே மக்களிடம் கேட்கும் வினாவாகின்றன. மட்டக்களப்பின் வட்டக்களரியிலே கூத்துக் கண்டார்க்கு இவ்வுறவு புதியதன்று.

இளைஞர்காள், ஏட்டைப் பேணுதல் நன்று. ஆயின் அது பாதிப் பணியே. களரியையும், அதைச் சூழ்ந்து நிற்கும் மக்களையும் பேணினாலன்றி நாடகம் உயிர்வாழாது. இழந்த களத்தை மீட்க ஒருவர் ஆயுள் போதவில்லை. இருக்கின்ற களத்தைக் காத்தல் அதனினும் எளிதன்றோ!