தகர டப்பாவின் விலை

நான் தலைமையாசிரியனாய் இருந்த நாளில், ஒருநாள் வகுப்பில், "விலை பண்டத்துக்குத்தான், அதை அடைத்துவரும் தகர டப்பாவுக்கு என்ன பெரிய விலை?" என்று சொல்லிவைத்தேன். கடைசிப் பலகையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்; தகர வேலை செய்பவரின் மகன். "ஐயா, தகட்டுக் காசைவிடப் பற்றவைக்கும் நேரத்துக்குத்தான் அப்பா கூலி கேட்பார்" என்றான். நான் விடை கூறாது பாடத்தை மாற்றிவிட்டேன். அன்றே கூறியிருக்க வேண்டிய விடை இது.

உணவை அடைத்து வெப்பமூட்டிக் காக்கும் முறையைக் கண்டவர் பிரான்சு நாட்டு நிக்கொலா அப்பேர். அதற்காக அந்நாட்டரசு 1810இல் அவருக்கு 12,000 பிராங்கு அளித்தது. அவர் கையாண்டவை கண்ணாடிப் புட்டிகள். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்டு என்பார், வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டுக் கலத்தையும் சேர்த்து உரிமம் பெற்றார். 1813இல் பிரயன் டாங்கினும் கூட்டாளிகளும் இலண்டன் பெர்மாண்ட்சியில் தொழிற்சாலை நடத்திக் கடற்படைக்கு இறைச்சி டப்பாக்கள் அனுப்பலாயினர்.

அந்நாளைய டப்பா முழுவதும் கைவேலை. தகட்டைக் கத்தரித்து, வளைத்து, பக்கத்தையும் அடியையும் மூடியையும் ஈயப்பற்றால் இணைக்க வேண்டும். தேர்ந்த கைவினைஞரும் நாள் முழுதும் உழைத்துச் செய்து முடித்தவை சிலவே. ஆகவே விலை கூலியில் இருந்தது. பண்டம் ஏழையின் அடுப்பங்கரைக்கு எட்டாது, கப்பலுக்கும் படைக்கும் போயிற்று. திறக்கவோ சுத்தியலும் உளியும் வேண்டும்! அமெரிக்கரான எஸ்ரா வார்னர் டப்பாத் திறப்பானுக்கு உரிமம் பெற்றது 1858இல்தான்.

பின்னர்ப் பொறிகள் வந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூடியின் விளிம்பையும் உடலின் விளிம்பையும் சேர்த்து இருமடியாய் மடித்து அழுத்தும் முறை பரவிற்று. கூலி இறங்கியதும் விலை உலோகத்துள் புகுந்துகொண்டது. 1942இல் மலாயா சப்பானியர் வசமாகவே, நேசநாடுகளில் வெள்ளீயம் அருகிற்று. தகட்டை உருகிய வெள்ளீயத்தில் தோய்ப்பதற்கு மாறாக மின்சாரத்தால் பூசும் முறை விரைந்து பரவியது. முன்னர்ச் செலவானதில் பாதிக்கும் குறைவே போதுமாயிற்று.

1959இல் அமெரிக்காவில் கூர்ஸ் நிறுவனத்தார் பீருக்கு அலுமினியக் குவளை கொணர்ந்தனர். 1970களின் தொடக்கத்தில் ஒரு பவுண்டு உலோகத்துக்கு ஏறத்தாழ 22 குவளைகள். இன்று 30க்கும் மேல். சுவரைவிட மூடியே தடித்தது. எனவே கழுத்தைக் குறுக்கி மூடியைச் சிறிதாக்கினர். ஒரு குவளையில் மிஞ்சுவது அற்பமே. கோடிக்கணக்கில் செய்வோருக்கு அதுவே இலாபம்.

அம்மாணவனின் தந்தையார் செய்த மண்ணெண்ணெய்ப் புனல் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. பற்று இன்னும் விடவில்லை. அதற்கு அவர் கேட்ட கூலியில் ஐம்பது காசு குறைத்துத்தான் கொடுத்தேன்.