சிகிரியாக் கதை பிறந்த கதை

மாத்தளையிலிருந்து வடக்கே போய், தம்புள்ளையில் திருகோணமலை வீதியைப் பிடித்து, இனாமலுவையில் கிழக்கே திரும்பினால் சற்று நேரத்தில் சிகிரியாக் குன்று தெரியும். அப்பனைக் கொன்ற மகன் தம்பிக்கு அஞ்சி மலையேறி ஒளிந்த இடம் என்றுதான் அதன் கதையைச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பள்ளிப் புத்தகத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் படித்தோம். ஆனால் அந்தக் கதை கொலையில் தொடங்கவில்லை. யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பதில் தொடங்குகிறது.

பழைய பாளி வரலாற்று நூலான சூளவம்சம் அதை மிகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. தாதுசேன மன்னனுக்கு ஆண்மக்கள் இருவர். காசியப்பனின் தாய் அரசனுக்குச் சமமான குலத்தில் பிறந்தவள் அல்லள். முகலனின் தாய் சமகுலத்தவள். உயிருக்கு நிகரான ஒரு மகளும் உண்டு. அவளைத் தன் உடன்பிறந்தாளின் மகனுக்கே கட்டிக்கொடுத்து, அவனைச் சேனாதிபதியாகவும் ஆக்கினான் மன்னன். அந்த மருமகன் பெயர் மிகாரன்.

நம் வழக்கில் சொன்னால் அத்தை மகன், முறை மாப்பிள்ளை. சொத்தும் சேனையும் குலப்பெருமையும் வீட்டை விட்டு வெளியே போகாத சம்பந்தம். ஊர் பார்த்து மெச்சும் கல்யாணம் என்றால் இதுதான்.

அந்த வீட்டில் நடந்ததைப் பாருங்கள். குற்றம் எதுவும் செய்யாத மனைவியை மிகாரன் தொடையில் சாட்டையால் அடித்தான். இரத்தம் தோய்ந்த அவள் ஆடையைக் கண்ட மன்னன் மருமகனைத் தண்டிக்கவில்லை. மருமகனைப் பெற்றவளை, தன் கூடப்பிறந்தவளை, உடையின்றி நிறுத்தி எரித்துக் கொன்றான். அடித்தவன் ஒருவன், எரிந்தவள் ஒருத்தி. அன்று முதல் மிகாரன் நெஞ்சில் பகை வளர்த்து, காசியப்பனை அண்டி, தந்தைமேல் அவனுக்கு வெறுப்பேற்றினான். காசியப்பன் தந்தையைச் சிறையிலிட்டு அரியணை ஏறினான். புதையல் எங்கே என்று கேட்டபோது தாதுசேனன் தான் கட்டிய கலாவெவக் குளத்தில் இறங்கி, இரு கைகளாலும் நீரை அள்ளிக் காட்டி, இதுதான் என் செல்வம் என்றான். பிறகு அவன் கொல்லப்பட்டான். முகலன் இந்தியாவுக்குத் தப்பிப் போனான்.

இந்தக் கதையைச் சொல்வோர் எல்லாரும், காசியப்பன் தாழ்ந்த குலத்தாளின் மகன், அதனால்தான் இப்படிச் செய்தான் என்பதிலேயே நிற்கிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. சூளவம்சம் தருகிற நிகழ்ச்சிகளையே வரிசையாக வைத்துப் பார்த்தால் கேடு விளைந்தது சமமில்லாத அந்தத் தாயிடமிருந்து அல்ல. குலமும் அந்தஸ்தும் பார்த்து, அரசனே முன்னின்று நடத்திய திருமணத்திலிருந்துதான் சாட்டையும் தீயும் பகையும் வந்தன. அந்தத் தாய் செய்த குற்றம் என்று சூளவம்சத்தில் ஒன்றும் இல்லை. அவள் பெயர்கூட அதில் இல்லை. இத்தனைக்கும் காசியப்பனின் மகள்கள் போதி, உப்பலவண்ணா இருவரையும் அது மறவாமல் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

சூளவம்சத்தின் இப்பகுதி நிகழ்ச்சிகளுக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. ஒரு மகன் தந்தையைக் கொன்றதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். குலம் சமமில்லை என்றால் அவையில் எவரும் மேலே கேள்வி கேட்க மாட்டார்கள். கதை அந்த இடத்தில்தான் பிறந்தது என்று நினைக்கிறேன்.

காசியப்பனையும் அந்தக் குலக்குறை விடவில்லை. 477 முதல் 495 வரை ஆண்டவன் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். குன்றைச் சுற்றி மதில் எழுப்பி, சிங்க உருவில் படிவழி அமைத்து, உச்சியில் அளகாபுரி போன்ற அரண்மனை கட்டிக் குபேரனைப்போல வாழ்ந்தான் என்கிறது சூளவம்சம். வெறும் அச்சத்தில் கட்டியதல்ல, தன்னைக் கடவுளரசனாக ஊருக்குக் காட்டிக்கொள்ளக் கட்டியது என்று வாதிட்டார் தொல்லியலாளர் செனரத் பரணவிதான. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஒளிய நினைப்பவன் பாறைமுகத்தில் பொன்னிற மங்கையரை ஏன் தீட்டுகிறான்? மகள்களின் பெயரையும் தன் பெயரையும் சூட்டி ஒரு விகாரையைக் கொடுத்தபோது, தந்தையைக் கொன்றவனின் கொடையை வாங்கினால் உலகம் பழிக்குமே என்று தேரவாதப் பிக்குகள் மறுத்தார்கள். புத்தர் சிலைக்கு என்று அவன் அதை மாற்றிக் கொடுத்த பிறகே, எங்கள் ஆசானுடையது என்று சொல்லி ஏற்றார்கள். அரசனும் துறவிகளும் ஊர்வாய்க்குக் கட்டுப்பட்டவர்களாகவே இருந்திருக்கிறார்கள்.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு முகலன் படையோடு திரும்பி வந்தான். போரில் சேற்று நிலத்தைக் கண்டு காசியப்பனின் யானை திரும்ப, அரசன் ஓடுகிறான் என்று எண்ணிப் படை சிதறியது. அவன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான்.

தாயின் குலத்தைக் கொண்டு மகனை அளக்கும் வழக்கம் அவனோடு முடியவில்லை. மாத்தளை கண்டி இராச்சியத்தில் இருந்த காலத்தில், தங்கப் பல்லக்கில் வந்தவள் பட்டத்தரசி, இரும்புப் பல்லக்கில் வந்தவள் அடுத்த நிலை மனைவி. பட்டத்தரசிக்கு அரசகுலம் வேண்டும் என்று மதுரையிலிருந்து நாயக்கர் பெண்களை எடுத்தார்கள். 1739இல் கண்டி மன்னன் வீர நரேந்திரசிங்கன் இறந்தபோது சிங்கள மனைவிக்குப் பிறந்த உனம்புவே பண்டாரவைப் பிரதானிகள் சிலர் ஆதரித்தும் பயனில்லை. நாயக்க அரசியின் தம்பி சிறீ விஜய ராஜசிங்கன் முடிசூடினான். அவனுக்குப் பின் வந்த கீர்த்தி சிறீ ராஜசிங்கன் தம்புள்ளைக் குகை விகாரையைப் புதுப்பித்தான். அங்கே மூன்றாம் குகையில் அவன் சிலை நிற்கிறது. கண்டி 1815இல் வீழும்வரை நாயக்கர்களே ஆண்டார்கள்.

புனைவுலகம் காசியப்பனை விடவில்லை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1974இல் 'த கோட் கிங்' என்ற திரைப்படத்தை எடுத்தார். ஆர்தர் சி. கிளார்க் 1979இல் 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில் அவனைக் காளிதாசன் என்றும் குன்றை யக்ககல என்றும் பெயர் மாற்றி எழுதினார். மாத்தளை மண்ணில் தமிழ் எழுத்தாளருக்கும் குறைவில்லை. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் மூவரும் 'தோட்டக்காட்டினிலே' தொகுப்பில், வரலாறு எழுதுவோர் பெயர் குறிக்காமல் விட்ட தோட்டத்து மனிதர்களைக் கதையாக்கினார்கள். அந்த வழியில் வருகிற ஒருவர் சிகிரியாவை எழுத வேண்டும் என்பது என் ஆசை. குன்றின் உச்சியில் தொடங்க வேண்டியதில்லை. அநுராதபுர அரண்மனையில், தன் மகனுக்கு முடி இல்லை என்று முதன்முதலில் கேள்விப்பட்ட தாயிடம் தொடங்கட்டும். அவளுக்கு ஒரு பெயரும் வைக்கட்டும்.